சாரம் பிரிக்காத மாளிகை

கப்பலில் வருகிறவனுக்குக் கரை தெரிவதற்கு முன்னால் தன்னுடைய கட்டடம் தெரிய வேண்டும் என்று தண்ணீர்மலை செட்டியார் ஆசைப்பட்டார். ரங்கூனில் மூன்று மரக்கிடங்குகளை யுத்தத்துக்குக் கொடுத்துவிட்டுக் கால்நடையாக மலை தாண்டி வந்தவர் அவர். வழியெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்த ஊர்களையே பார்த்துக்கொண்டு வந்ததால், உயரமாக ஒன்றைக் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற நினைப்பு அவருக்குள் நுழைந்து, கூவம் கரையில் ஒரு மனை வாங்கும்வரை அவரைத் தூங்கவிடவில்லை. பட்டணத்தில் டிராம் போய் பஸ் வந்திருந்த காலம் அது. கோயில் கோபுரத்தையும் மாதா கோயில் மணிக்கூண்டையும் கலங்கரை விளக்கத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால், மனிதர்கள் நாற்காலி போட்டு உட்காருகிற கட்டடம் எதுவும் தென்னை மரத்தை மீறி எழுந்ததில்லை. செட்டியார் பதினோரு மாடி கேட்டார்.

கோட்டயத்திலிருந்து வந்த இன்ஜினியர் குருவில்லா அந்த ஆசைக்கு அளவு போட்டுக் கொடுத்தார். கூவம் கரைக் களிமண்ணில் மாட்டு வண்டியைக்கூட நம்பி நிறுத்த முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே முதலில் நாற்பத்தெட்டுக் கிணறுகளை இறக்கினார், ஒவ்வொன்றும் நாற்பதடி, அடியில் மணல் தட்டும்வரை. பிறகு அத்தனை கிணற்றையும் கான்கிரீட்டால் நிரப்பி, நாற்பத்தெட்டுக் கிணற்றின் தலையிலும் நாற்பத்தெட்டுத் தூண்களை எழுப்பி, தூணின் மேல் தளம், தளத்தின் மேல் தூண் என்று ஏற்றிக்கொண்டே போனார். மேற்கு முகத்தில் சீப்பின் பற்களைப்போல நெட்டுக்குத்தாகக் கான்கிரீட் பலகைகள் வார்த்தார், மாலை வெயில் குமாஸ்தாக்களின் மேஜையில் விழாமலிருக்க. கிழக்கு முகத்தைக் காற்று பிடித்த பாய்போல லேசாக வளைத்தார், கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு அது புறப்படத் தயாராக நிற்கிற மாதிரி இருக்கட்டும் என்று. இரண்டு லிப்டு. தரையிலிருந்து உச்சிவரை நூற்று நாற்பத்தாறு அடி. எதிர்ச் சாரியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாடிகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுப்போய், பஸ்ஸையும் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள்.

இத்தனைக்கும் வெளியே, ஒரு சட்டையைப்போலக் கட்டடத்தைப் போர்த்திக்கொண்டு நின்றது முனிரத்தினம் மேஸ்திரியின் சாரம். அறுநூற்றுப் பன்னிரண்டு சவுக்குக் கம்புகள். ஆணி கிடையாது, தேங்காய்நார்க் கயிறும் முடிச்சும்தான். நிற்கும் கம்புகள் தரையிலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப்போயின. குறுக்குக் கம்புகளின் ஒரு முனை அவற்றோடு கட்டப்பட்டு, மறுமுனை சுவரில் விட்டிருந்த ஓட்டைகளுக்குள் நுழைந்திருந்தது. அந்தக் கம்புகளின்மேல் போட்ட பலகைகளில் நின்றுதான் கொத்தனார்கள் பூசினார்கள், சித்தாள்கள் கலவை சுமந்தார்கள், குருவில்லா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தூக்குக்குண்டு பார்த்தார்.

முனிரத்தினத்தின் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கே வேலை தொடங்கினாலும் முதலில் நடுவது ஒரே கம்பு. அதற்குத் தலைக்கம்பு என்று பெயர். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அதை ஈசானிய மூலையில் நட்ட பிறகே மற்றக் கம்புகள் வரும். சாரம் ஒரு மாடி ஏறினால் தலைக்கம்பையும் அவிழ்த்து ஒரு மாடி மேலே கொண்டுபோய்க் கட்டுவார்கள். எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே அதன் நுனிதான் இருக்க வேண்டும். சாரம் பிரிக்கும்போது முதலில் இறங்குவதும் அதுதான். இறங்கிய கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒருவரும் திரும்பிப் பார்க்காமல், அடுத்த ஊருக்கு நடப்பார்கள். முனிரத்தினத்தின் அப்பா வெட்டிய கம்பு அது. முப்பத்தொரு கட்டடம் பார்த்துவிட்டது. சுண்ணாம்பும் மஞ்சளும் மழையும் ஏறிக் கருத்துப்போய், தட்டினால் இரும்புபோல ஒலிக்கும். அது நிற்காத சாரத்தில் அவனுடைய ஆட்கள் எட்டுப் பேரில் ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள்.

அந்த முப்பத்தொன்றில் பதினெட்டு, அவனுக்குக் கல்யாணமான பிறகு வந்தவை. அவன் மனைவி அஞ்சலாட்சி பதினெட்டு ஊரில் மூன்று கல் தேடி அடுப்பு மூட்டியிருக்கிறாள். அவர்கள் மகள் கோமளா மூன்று ஊரில் மூன்று தடவை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். செட்டியாரின் மாளிகையோ இரண்டு வருஷம் ஏழு மாதம் பிடித்தது. வேலி ஓரத்துக் குடிசையில் அஞ்சலாட்சி கல்லுக்கு மண் பூசி, மேடை கட்டி, பக்கத்தில் ஒரு முருங்கைக்கொம்பும் நட்டுவிட்டாள். கோமளா ஒரே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பை முடித்து நாலாம் வகுப்புக்குப் போனாள். முனிரத்தினத்துக்குத்தான் கால் நிற்கவில்லை. பத்தாவது மாடிக்குத் தளம் போட்ட அன்றே, அடுத்தது எங்கே என்று அவன் குருவில்லாவைக் கேட்டுவிட்டான்.

கார்த்திகை மாதம் மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை சாரம் பிரிக்க ஏறினார்கள். உச்சியில் முனிரத்தினம் தலைக்கம்பின் கயிற்றை அவிழ்த்தான். கயிறு கையோடு வந்தது, கம்பு வரவில்லை. குனிந்து பார்த்தான். தலைக்கம்பும் அதற்கு அடியில் நின்ற கம்பும் சேர்ந்த இடத்தில் பட்டை மூடியிருந்தது. அண்ணாந்து பார்த்தான். கருத்த நுனியில் ஒரு கைப்பிடி அளவுக்குப் பச்சையாகச் சவுக்கு இலை தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டுப் பேரில் மூத்தவரான ஏகாம்பரம் பக்கத்தில் வந்து, இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்.

"துளுத்துக்கிச்சு, மேஸ்திரி."

"அப்பா காலத்துக் கம்பு."

"இந்த வருஷம் மழை சாஸ்தி," என்றார் ஏகாம்பரம், இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்தபடி.

ஒரு வாரத்துக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டும் துளிர்த்தன. தலைக்கம்பில் கத்தி வைக்கத் துணியாமல், மற்றவற்றை மேலேயிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். திங்கட்கிழமை வெட்டிய கம்பு வியாழக்கிழமை இருந்த இடத்தில் இருந்தது. ஏழாவது மாடியில் குறுக்கே அறுத்துப் பார்த்தார்கள். மேலே இருந்தது விழவில்லை, பக்கத்துக் கம்புகள் அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அறுத்த வாய் இரண்டு நாளில் மூடிக்கொண்டது. கட்டிய கயிறுகள் மரத்துக்குள் புதைந்து, முடிச்சு இருந்த இடங்களெல்லாம் முழங்கால் சில்லுப்போலப் புடைத்தன.

செட்டியார் வந்து பார்த்தார். குடையை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டு, எதிர்ச் சாரிக்குப் போய் நின்று ஒரு தடவை பார்த்தார், துறைமுகத்துக்குப் படகில் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். கடலிலிருந்து முன்னைவிட நன்றாகத் தெரிகிறது, பச்சையாக இருப்பதால் கண் தானாக அங்கே போகிறது என்று சொல்லிவிட்டுத் திறப்புவிழாவுக்கு நாள் பார்க்கச் சொன்னார். அதிகாரிகள் பக்கம்தான் இழுபறி. கட்டடத்துக்கு அனுமதி தருகிற அதிகாரி, சாரம் நிற்கிறவரை கட்டடம் முடிந்ததாக எழுத முடியாது என்றார். மரத்துக்கு அனுமதி தருகிற அதிகாரி, உயிரோடு நிற்கிற மரத்தை வெட்ட முடியாது என்றார். இருவரும் ஒருநாள் செட்டியாரின் முன்னறையில் சந்தித்து, ஒருவருக்கொருவர் மரியாதை காட்டி மோர் சாப்பிட்டு, அவரவர் சொன்னதையே திரும்பவும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆகவே மாளிகை முடியாத கட்டடமாகவே திறக்கப்பட்டு, முடியாத கட்டடமாகவே வாடகைக்குப் போயிற்று.

கீழ்த்தளங்களில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி வந்தது. நடுவில் கப்பல் ஏஜெண்டுகள். எட்டாவது மாடியில் பிரகாசம் என்பவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்தார். முதல் வாரம் எல்லோரும் ஜன்னலைத் திறந்து இலையைத் தள்ளிவிட்டு வெளியே பார்த்தார்கள்; இரண்டாம் வாரம் ஜன்னலுக்குள் நீட்டிய கிளைகளில் குடையையும் கோட்டையும் மாட்டினார்கள்; மூன்றாம் வாரம் மின்விசிறி எதற்கு என்று கேட்டார்கள். சவுக்குக்குள் காற்று புகுந்தால் கடல் மாதிரி இரையும். ஒன்பதரை மணிக்குத் தொடங்குகிற இரைச்சல் ஐந்து மணிவரை ஓயாது. அந்த இரைச்சலில் உட்கார்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்கு எதுவும் ஓரிடத்தில் நிற்பதாகத் தோன்றவில்லை. ஒருவர் இருபது வருஷமாக எழுதிவந்த கையெழுத்தை மாற்றிக்கொண்டார். ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகிறேன் என்று இறங்கிக் காசிக்குப் போய்விட்டார். டைப் கற்க வந்த பெண்கள் வேகமாக அடித்தார்கள், எங்கேயோ அவசரமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுபோல, நிமிஷத்துக்கு எழுபது வார்த்தை, எண்பது வார்த்தை. பிரகாசம் அதற்குத் தன்னுடைய கற்பிக்கும் முறையைக் காரணமாகச் சொல்லி வெளியே போர்டு எழுதி வைத்தார்.

தை மாதம் முதல் வாரத்தில், லிப்டு ஓட்டுகிற பராங்குசம் காலையில் உள்ளே வரும்போது வாசல்படியில் கால் தடுக்கி விழுந்தார். டிராம் வண்டியில் பதினைந்து வருஷம் கண்டக்டராக இருந்தவர், படி உயரம் காலுக்குத் தெரியும். வாசல் தரையைவிட அரை அடி ஏறியிருக்கிறது என்று அவர் சொன்னார். ஒரு கொத்தனார் வந்து ஒரு படி கட்டினார். மறுநாள் பராங்குசம் மறுபடி தடுக்கினார். அதன்பிறகு கொத்தனார் தினமும் காலை எட்டு மணிக்கு வந்து ஒரு படி வைத்துவிட்டுப் போவது என்று ஏற்பாடாயிற்று. பால்காரர் வருவதுபோல அவரும் வந்தார், போனார்.

குருவில்லா லாந்தரை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் பார்த்தார். நாற்பத்தெட்டுத் தூண்களும் நாற்பத்தெட்டுக் கிணறுகளிலிருந்து, பால்பல் விழுந்ததுபோலச் சுத்தமாகக் கழன்றிருந்தன. சுவர் ஓட்டைகளுக்குள் நுழைந்திருந்த குறுக்குக் கம்புகள் பருத்து இறுகிப் பிடித்துக்கொள்ள, மரங்கள் வளர வளரக் கட்டடமும் கூடவே ஏறிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, கணக்கில் தவறு இல்லை, தாங்குகிற இடம் மட்டும் மாறியிருக்கிறது என்றார். சாரத்தின் எந்தக் கம்பையும் இனிமேல் தொடக் கூடாது என்று செட்டியாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பம்பாயில் வேலை கிடைத்து ரயிலேறினார்.

மாசியில் படிகள் முப்பதைத் தாண்டி வளைந்து திரும்பின. கட்டடத்துக்கு அடியில் ஆட்கள் நிமிர்ந்து நடந்தார்கள். பங்குனியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அந்த நிழலுக்கு மாறினார்கள், அவர்களுக்காக மோர்க்காரம்மா மாறினாள், பூக்காரி மாறினாள், செருப்புத் தைக்கிறவர் கிழக்கு வரிசைக் கிணற்றுத் தலை ஒன்றில் கடை போட்டார். கடற்காற்று பலமாக அடிக்கும் பிற்பகல்களில் மாளிகை படகுபோல லேசாக அசைந்தது. எல்லோரும் பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள், தலை சுற்றினால் முகர, மைக்கூடுகளைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் இறக்கிவைத்தார்கள், உள்ளே வருகிற புது ஆளிடம் பழம் கொண்டுவந்தீர்களா என்று விசாரித்துவிட்டே நாற்காலி காட்டினார்கள். தரைத்தளம் தரையில் இல்லாததைத் தபால்காரர் முதலில் ஆட்சேபித்து, பிறகு தன் வழியில் அதைக் கடைசி வீடாக்கிக்கொண்டார். சித்திரை முடியும்போது செட்டியாரின் மாளிகை பதினோரு மாடியாகவே இருந்தது, ஆனால் பதினாறு மாடி உயரத்தில் இருந்தது. இலங்கையிலிருந்து வந்த கப்பல்கள் அதைப் பார்த்துவிட்டுக் கரை வந்துவிட்டதாக எண்ணிக் கொஞ்சம் சீக்கிரமாகவே சங்கு ஊதின.

இந்த மாதங்களிலெல்லாம் முனிரத்தினத்துக்கு வேலை இருந்தது. கொம்பு ஒடிந்தால் கட்ட வேண்டும், காய்ந்த பலகையை மாற்ற வேண்டும், படி ஏறுகிறவர்களின் தலையில் இடிக்கிற கிளையைக் கழிக்க வேண்டும். செட்டியார் வேலியோரக் குடிசைகளைச் சாரத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்று ஒதுக்கினார். ஊரில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. அவனுக்கோ உள்ளங்கால் அரித்தது. ஒரு கட்டடத்தை முடித்து, சாரத்தைப் பிரித்து, தன் கை பட்ட அடையாளமே இல்லாமல் அந்தக் கட்டடம் தனியாக வெயிலில் நிற்கும் அந்த ஒரு காலைவேளைக்காகவே அவன் வேலை செய்துவந்தான். அந்தக் காலை வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து நடந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலுக்குப் போய் நின்றான்.

வைகாசியில் குருவில்லாவின் கடிதம் வந்தது. கோமளா படித்துக் காட்டினாள். பம்பாயில் கடலோரத்தில் இருபத்திரண்டு மாடி, ஆனி மாதம் வேலை தொடங்குகிறது, மேஸ்திரியும் ஆட்களும் உடனே வர வேண்டும், டிக்கெட் இத்துடன். மற்றக் கம்புகள் அங்கேயே நிற்கட்டும், கட்டடம் அவற்றின்மேல் இருக்கிறது. தலைக்கம்பு உச்சியில் எதையும் தாங்கவில்லை, அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வரலாம். சவுக்குக்கெல்லாம் உச்சி நுனி அதுதான், அதை வெட்டினால் சாரம் மேலே போகாது, கட்டடமும் இருக்கிற உயரத்தில் நின்றுவிடும் என்று தனக்குத் தோன்றுவதாகவும் கடைசியில் ஒரு வரி இருந்தது.

ஏகாம்பரமும் மற்றவர்களும் தலைக்கம்பு வந்தால் வருவதாகச் சொன்னார்கள். செட்டியாரும் தடுக்கவில்லை, வளராத மரத்துக்குத் தோட்டக்காரன் போதும், வேலியோரக் குடிசைகளைப் பிரித்துப் பூச்செடி வைக்கலாம் என்றார். முனிரத்தினம் அன்று மாலை அதை அடுப்படியில் வந்து சொன்னான். அஞ்சலாட்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"டிக்கெட்டு எத்தினி பேருக்கு?" என்று கேட்டாள்.

"எல்லாருக்குந்தான். ஒனக்கு, பொண்ணுக்கு, எல்லாருக்கும்."

"நான் வரல," என்றாள், உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல.

"இங்க இருந்து என்னா பண்ணுவே?"

"சோறாக்குவேன். நீ அங்க போயி என்னா பண்ணுவே?"

அவன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். பிறகு, இதெல்லாம் அவள் எங்கேயாவது வேண்டிக்கொண்டதால் வந்ததுதானே என்று கேட்டான். அவள் கீரையைக் கீழே வைத்தாள்.

"வேண்டிக்கிட்டா நடக்கும்னா, மொதக் கட்டடத்துலயே நடந்திருக்கணும்யா. வாலாஜாபாத்துல. அங்கதான் நல்ல தண்ணிக் கெணறு."

"எனக்குக் கால் நிக்கல மே."

"தெரியாதா எனக்கு? படுத்தாலும் நடக்கிற. நீ ஒதைக்கிற ஒதையிலதான் இத்தினி வருசமா நான் தூங்கறேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். குடிசை போய்விட்டால் மோர்க்காரம்மா வீட்டில் ஒண்டிக்கொள்வதாக அவள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள்.

வண்டி வெள்ளிக்கிழமை மாலை. காலையில் வெயில் ஏறும் முன்பே முனிரத்தினம் வெட்டுக்கத்தியை இடுப்பில் செருகி, ஒரு சுருள் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினான். கொத்தனார் அன்றைய படியை வைத்துக்கொண்டிருந்தார், நூற்று நாற்பத்தொன்பதாவது. ஏகாம்பரமும் மற்றவர்களும் மூட்டைகளோடு கிணற்றுத் தலைகளில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். அவன் ஏறுகிற காரணம் மாளிகைக்குத் தெரிந்திருந்தது. ஜன்னல் ஜன்னலாக ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவரும் வெட்டாதே என்று சொல்லவில்லை, பார்த்துப் போங்கள் மேஸ்திரி என்று மட்டும் சொன்னார்கள். காப்பீட்டுக் கம்பெனியில் ஒருவர் எலுமிச்சம்பழம் நீட்டினார். எட்டாவது மாடியைக் கடந்தபோது அத்தனை டைப்ரைட்டர்களும் நின்றுபோயின. அவன் மேலே போனதும் மறுபடி தொடங்கின, முன்னைவிட வேகமாக.

ஒவ்வொரு முட்டிலும் நின்று கையால் அழுத்திப் பார்த்தபடியே ஏறுவது அவன் பழக்கம், ஆகவே மொட்டைமாடிக்கு மேல் போகவே உச்சிப்பொழுதாகிவிட்டது. அதற்கு மேல் கட்டடம் இல்லை. சாரம் மட்டும் தன்பாட்டுக்கு வானத்தில் போய்க்கொண்டிருந்தது: நின்ற கம்புகள், குறுக்குக் கம்புகள், யாரும் கட்டாத முடிச்சுகள், யாருக்காகவும் இல்லாத மாடிகள். அவன் ஏழு, எட்டு என்று அந்த இல்லாத மாடிகளை எண்ணிக்கொண்டே ஏறினான். இருபத்திரண்டுக்கும் மேலே வந்துவிட்டோம் என்று தெரிந்தபோது தலைக்கம்பு கைக்கு எட்டியது. காற்று இங்கே வேறு மாதிரி இருந்தது. கீழே அது விட்டுவிட்டு அடிக்கும். இங்கே ஒரே சீராக, ஒரு பெரிய கை நெஞ்சில் வைத்துத் தள்ளுவதுபோல. கடல் மூன்று நிறமாகப் பிரிந்து கிடந்தது. அவன் தலைக்கம்பைப் பிடித்தான். கைக்குள் அது மெல்லத் துடிப்பதுபோல இருந்தது. கத்தியை எடுத்தான்.

தினமும் அந்த நேரத்துக்கு அஞ்சலாட்சி அவன் சாப்பாட்டைக் கூடையில் வைத்துக் கப்பியில் மேலே அனுப்புவாள். கயிற்றில் அசைவு தெரிகிறதா என்று பழக்கத்தில் கீழே பார்த்தான். மொட்டைமாடி விளிம்பில் கூடை ஆடிக்கொண்டிருந்தது, வெறுமையாக. அதற்குக் கொஞ்சம் மேலே, புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியை முதுகில் துணியால் இறுக்கிக்கொண்டு அவள் ஏறி வந்துகொண்டிருந்தாள். கலவை சுமந்த காலத்தில் ஏறினவள்தான். கால் வைக்க இடம் பார்க்கவில்லை. அவன் கத்தியைப் பிடித்தபடியே காத்திருந்தான். ஒரு குறுக்குக் கம்பில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"கயிறு எட்டல," என்றாள்.

சட்டியைத் திறந்து கொடுத்தாள். அவன் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். கீரைக்குழம்பு இன்னும் சூடாக இருந்தது. அவள் நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், வெகுநேரம். காற்றில் அவள் முந்தானை நேராக நின்றது.

"பம்பாய் எந்தப் பக்கம்?"

அவன் எச்சில் கையால் வடமேற்கைக் காட்டினான். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"ஒண்ணுந் தெரியலியே."

"இங்கேர்ந்து தெரியாது. தூரம்."

"இன்னம் மேல போனா?"

அவன் யோசித்தான். உயரத்தைப் பற்றி அவனிடம் யார் கேட்டாலும் ஒழுங்காகத்தான் பதில் சொல்வான். "ஒரு நாளைக்கு அரை அடி ஏறுது. போயிக்கிட்டே இருந்தா, என்னைக்காவது தெரியலாம்."

"தெரிஞ்சாச் சொல்லு. ஏறி வந்து பாக்கறேன். புடிச்சிருந்தா வரேன்."

"அது வருசக்கணக்காவும், அஞ்சலை."

"ஆவட்டும். பதினெட்டு ஊருக்குப் பாக்காமலே வந்தேன்யா, ஒன் பின்னாடியே, எந்தப் பக்கம்னுகூடக் கேக்காம. இந்த ஒண்ணப் பாத்துட்டு வரேன்."

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். பதினெட்டு ஊரும் அவனுக்கு நினைவிருந்தன, கட்டடம் கட்டடமாக, எத்தனை அடி, எத்தனை கம்பு என்று. அவள் அந்த ஊர்களுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று யோசித்துப் பார்த்தான். தலைக்கம்பைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தவன் திரும்பிப் பார்த்ததில்லை. சட்டியை மூடி அவளிடம் கொடுத்தான். கத்தியின் முனையைக் கட்டை விரலால் தடவினான். வெட்டுவதானால் இரண்டே வீச்சு. கீழே ஏகாம்பரம் எழுந்து நின்று கையை ஆட்டுவது எறும்பு மீசையை ஆட்டுவதுபோலத் தெரிந்தது. வெயில் மேற்கே சாய்ந்தது; அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு சென்ட்ரலிலிருந்து மாலை வண்டி கிளம்பியது. கம்பளிப்பூச்சிபோல அது வீடுகளுக்கிடையில் வளைந்து வெளியே வந்து, வயல்களில் நீண்டு, வடமேற்கே போயிற்று. கீழேயிருந்து பார்த்தால் புகை மட்டும் தெரியும். இங்கேயிருந்து பெட்டிகளை எண்ண முடிந்தது. அஞ்சலாட்சி எண்ணினாள், பதினான்கு என்றாள். அது ஒரு மலையைச் சுற்றிக்கொண்டு மறையும்வரை பார்த்துவிட்டு, அந்த மலைக்கு அந்தாண்டை என்ன ஊர் என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. நாளைக்குத் தெரியும் என்றான்.

அவளுக்கு முதுகு சாய ஒன்றும் இல்லாததை அப்போதுதான் கவனித்தான். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, நீண்டிருந்த ஒரு கம்பை இழுத்து அவள் முதுகுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, தோளிலிருந்த கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தான். அவள் சாய்ந்து பார்த்து, இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்டாள். இதுவரை அவன் கட்டிய ஒவ்வொரு முடிச்சுக்கும் அதை அவிழ்க்கிற மாதம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினான்.